ஜிப்பா, ராரா, 7இசட்டா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கோப்புகளைச் சுருக்குவது பற்றி இம்முறை தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளை எடுத்துக்கொண்டேன். பெரும்பாலோர் தங்கள் கணினியில் எது வசதி என்று மட்டும் பார்த்து ஜிப், ரார், 7இசட் போன்ற சுருக்கு வடிவங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சுருக்கியதைப் பிரிக்கப்போகிறவரிடம் என்ன கணினி இருக்கிறது என்று யாரும் விசாரிப்பதில்லை. பாதித் தகராறு அங்கேதான் தொடங்குகிறது.

பாலக்கோட்டில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். ஒரு கல்யாணத்தின் படங்களும் வீடியோவும் சேர்ந்து 38 ஜிபி. சுருக்க அளவை உச்சமான 'அல்ட்ரா'வில் வைத்து 7இசட் ஆக்கினேன். இரவு முழுக்க ஓடியும் ஒரு ஜிபிகூடக் குறையவில்லை. மென்பொருளில் கோளாறா?

கோளாறு எதுவும் இல்லை. ஜேபெக் படமும் எம்பி4 வீடியோவும் கேமராவை விட்டு வரும்போதே சுருக்கப்பட்டவை. ஜிப், 7இசட் போன்றவற்றின் அடிப்படை வேலை, ஒரே தொடர் மீண்டும் வரும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே முழுவதையும் எழுதாமல் 'இத்தனை பைட் பின்னால் போய்ப் பார்' என்று ஒரு சிறு குறிப்பை வைப்பதுதான். 1977இல் லெம்பெல், ஜிவ் என்ற இரு ஆய்வாளர்கள் வகுத்த வழி இது. ஜேபெக்கில் அப்படி மீண்டும் வருவதற்கு எதுவும் மிஞ்சியிருக்காது. சர்க்கரை ஆலை உள்ள ஊர்க்காரர் நீங்கள். பிழிந்த சக்கையை மறுபடி ஆலையில் விட்டால் சாறு வருமா?

பல கோப்புகளை ஒன்றாகக் கட்டுவது மட்டும்தான் நோக்கம் என்றால், சுருக்க அளவில் 'ஸ்டோர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். நகலெடுக்கும் நேரத்தில் வேலை முடிந்துவிடும். பென்டிரைவ் ஃபேட்32 வடிவில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட தனிக் கோப்பை அது ஏற்காது. எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், அல்லது 7இசட் கோப்புகளை உருவாக்கும் மென்பொருளான 7-ஜிப்பில் துண்டுகளாகப் பிரித்துச் சேமியுங்கள்.

வாடிக்கையாளருக்குக் கொடுப்பதாக இருந்தால் என் யோசனை வேறு: கட்டவே வேண்டாம், கோப்புறையை அப்படியே கொடுங்கள். கல்யாண வீட்டார் பென்டிரைவை டிவியில்தான் செருகுவார்கள். டிவி ஜிப்பைப் பிரிக்காது. ஆல்பம் வடிவமைப்புக்கு வைத்திருக்கும் சுருக்கப்படாத டிஃப் படக் கோப்புகள் உண்டென்றால், அவற்றுக்கு மட்டும் 7இசட் போட்டுப் பாருங்கள். அங்கே பலன் தெரியும்.

ஒருமுறை ஜிப் செய்ததை மீண்டும் ஜிப் செய்தால் இன்னும் சிறிதாகுமா? எக்செல் கோப்பும் குறைய மறுக்கிறதே? (மாணவர், பாப்பிரெட்டிப்பட்டி)

ஆகாது; சில பைட்டுகள் கூடத்தான் செய்யும். இப்போதைய எக்செல், வேர்டு கோப்புகளும் உண்மையில் ஜிப்தான். ஒரு நகலின் பின்னொட்டை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள், உள்ளே கோப்புறைகள் வரிசையாக இருக்கும்.

பென்னாகரம் பக்கம் அரசுப் பள்ளி ஆசிரியை. மாணவர்களின் கட்டுரைகளுக்கு ஊர்ப்பெயரும் மாணவர் பெயரும் தமிழிலேயே இட்டு, மகனுடைய மேக் கணினியில் ஜிப் செய்து அனுப்பினேன். வாங்கியவரின் விண்டோஸில் பெயரெல்லாம் கிறுக்கலாகத் தெரிகிறதாம். கட்டுரைகள் போய்விட்டனவா ஐயா?

போகவில்லை அம்மா. கெட்டது பெயர் மட்டும்தான். கட்டுரைக்குள் ஓர் எழுத்துகூட மாறியிருக்காது.

ஃபில் கட்ஸ் ஜிப் வடிவத்தை வெளியிட்டது 1989இல். அன்றைய ஐபிஎம் கணினிகளில் 437 என்ற எண்ணுள்ள எழுத்து அட்டவணை இருந்தது. மொத்தம் 256 இடங்கள். தமிழுக்கு அதில் இடமே கிடையாது. கோப்புப் பெயர்கள் அந்த அட்டவணைப்படியே எழுதப்பட்டன. பிற்காலத்தில், தமிழ் உட்பட எல்லா மொழி எழுத்துகளையும் எழுதும் யூடிஎஃப்-8 முறையையும் ஜிப் ஏற்றுக்கொண்டு, 'இந்தப் பெயர் யூடிஎஃப்-8இல் இருக்கிறது' என்று அறிவிக்க ஓர் அடையாளத்தை ஒதுக்கியது. மேக்கோடு வரும் சுருக்கி பெயரை யூடிஎஃப்-8இல் எழுதும். அந்த அடையாளத்தை மட்டும் வைக்காமல் விட்டுவிடும் பழக்கம் அதற்கு நெடுங்காலமாக உண்டு. அடையாளம் இல்லாததால் விண்டோஸ் பழைய அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு படிக்கிறது.

அந்தக் கிறுக்கலைச் சற்று உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். முதல் பைட் எல்லாவற்றுக்கும் ஒன்றே. இரண்டாவது, இரண்டு மதிப்புகளில் ஏதோ ஒன்று. 437ஆம் அட்டவணையில் முதலாவது கிரேக்க ஆல்ஃபா. இரண்டாவது, இடமோ வலமோ திரும்பிய இரட்டைக் கோணக்குறி. ஆகவே ஆல்ஃபா, கோணக்குறி, கூடவே ஏதோ ஒரு குறி என்று மும்மூன்றாக வரிசை ஓடினால் நிம்மதியாக இருங்கள், தமிழ் அப்படியே உள்ளே இருக்கிறது. அங்கிருப்பவர் 7-ஜிப்பின் கட்டளை வரியில் குறியீட்டுப் பக்கம் 65001 என்று குறிப்பிட்டுப் பிரித்தால் பெயர்கள் திரும்பிவிடும். அது யூடிஎஃப்-8க்கு விண்டோஸ் கொடுத்திருக்கும் எண்.

இனிமேல் அனுப்பும்போது விண்டோஸில் 7-ஜிப்பைக் கொண்டே ஜிப் செய்யுங்கள். தமிழ்ப் பெயரைக் கண்டால் அந்த அடையாளத்தை அது தானாக வைத்துவிடும். மேக்தான் வழி என்றால் 7இசட் வடிவத்தில் கட்டுங்கள். கெகா என்ற செயலி செய்து தரும். 7இசட் தொடக்கத்திலிருந்தே யூனிகோடில்தான் பெயர்களை வைக்கிறது.

மேக் பற்றி இன்னொன்று, இது தமிழுக்கே உரிய தொல்லை. 'போச்சம்பள்ளி' என்று பெயரிட்டால், ஆப்பிளின் பழைய கோப்பு முறையான எச்எஃப்எஸ் பிளஸ் அந்த ஓகாரக் குறியை இரட்டைக் கொம்பு ஏகாரமாகவும் காலாகவும் இரண்டாக உடைத்து வைக்கும். 'பொம்மிடி'க்கும் அதே கதி. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் விண்டோஸில் தட்டச்சு செய்து தேடினால் அகப்படாமல் போகலாம். ஒரே கோப்புறையில் இரண்டு 'போச்சம்பள்ளி' அக்கம்பக்கமாக நிற்கவும் கூடும். தருமபுரிக்கும் பென்னாகரத்துக்கும் இந்தச் சிக்கல் இல்லை. அந்தப் பெயர்களில் ஒகர, ஓகரக் குறிகள் இல்லை. நூறு இருநூறு கோப்புகளைக் கையாளும் அலுவலகம் என்றால் பெயரை ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் வைத்துவிடுவதே மேல் என்று வருத்தத்தோடுதான் சொல்கிறேன்.

மேக்கில் கட்டிய ஜிப்பில் அடிக்கோடுகளோடு 'மேக்ஓஎஸ்எக்ஸ்' என்றொரு கோப்புறையும் கூடவே வந்திருக்கும். அதில் உங்கள் கட்டுரை எதுவும் இல்லை, அழித்துவிடலாம்.

கிருஷ்ணகிரியில் மாங்கூழ்த் தொழிற்சாலை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். சேலத்திலுள்ள ஆடிட்டர், ரார் அனுப்பினாலும் திறக்கவில்லை, 7இசட் அனுப்பினாலும் திறக்கவில்லை என்கிறார். விவசாயிகளின் வங்கி விவரங்கள் இருப்பதால் கடவுச்சொல்லும் வேண்டும்.

ஆடிட்டரிடம் விண்டோஸ் 10 இருக்கும் என்று நினைக்கிறேன். ராரையும் 7இசட்டையும் கூடுதல் மென்பொருள் இல்லாமல் திறக்கும் வசதி விண்டோஸ் 11க்கு 2023இல்தான் வந்தது. ஜிப்பை எல்லா விண்டோஸும் மேக்கும் திறக்கும், லினக்ஸிலும் சிக்கல் இல்லை. கடவுச்சொல் தேவையில்லை என்றால் ஜிப் அனுப்புங்கள், அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை.

கடவுச்சொல் வந்தால் கதை மாறும். ஜிப்பில் இரண்டு பூட்டுகள் உண்டு. பழைய பூட்டான ஜிப்கிரிப்டோவை உடைக்கும் வழியை பிஹாம், கோச்சர் என்ற இருவர் 1994இலேயே காட்டிவிட்டார்கள். உள்ளேயிருக்கும் கோப்பில் ஒரு சிறு பகுதி எப்படி இருக்கும் என்று தெரிந்தால் போதும், கடவுச்சொல் எவ்வளவு நீளமானாலும் திறந்துவிடலாம். வங்கி விவரத்துக்கு அது உதவாது. இரண்டாவது ஏஇஎஸ்-256, இது உறுதியானது, ஆனால் விண்டோஸின் சொந்த வசதி இதைத் திறப்பதில்லை. எப்படியும் ஆடிட்டர் ஒரு மென்பொருளை நிறுவித்தான் ஆக வேண்டும் என்னும்போது, 7-ஜிப்பை நிறுவச் சொல்லிவிட்டு 7இசட்டாகவே அனுப்புங்கள். அதில் 'கோப்புப் பெயர்களையும் மறை' என்ற தேர்வு இருக்கிறது. ஜிப்பில் பூட்டு போட்டாலும் பெயர்ப்பட்டியல் வெளியே தெரியும். விவசாயியின் பெயரே கோப்புப் பெயராக இருந்தால் அதுவே ஒரு கசிவு.

கடவுச்சொல்லை அதே மின்னஞ்சலில் எழுதாதீர்கள். போனில் சொல்லுங்கள். ஜிமெயிலில் இணைப்புக்கு 25 எம்பிதான் வரம்பு, சீசன் முழுவதன் ரசீதுகளை ஸ்கேன் செய்து இணைத்தால் அது தாண்டிவிடும்.

ரார் கோப்புகளை உருவாக்கும் விண்ரார், 40 நாள் சோதனைக் காலம் முடிந்த பிறகும் வேலை செய்கிறது. தொடரலாமா? (டிடிபி மையம், தருமபுரி)

வேலை செய்வதும் உரிமை இருப்பதும் ஒன்றல்ல. 40 நாளுக்குப் பிறகு பணம் கட்டித்தான் பயன்படுத்த வேண்டும். எனக்கு அதைவிடக் கவலை, உங்கள் பதிப்பு எது என்பது. விண்ரார் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளாது. 2023இல் 6.23 பதிப்பிலும் 2025இல் 7.13 பதிப்பிலும் அடைக்கப்பட்ட ஓட்டைகள், அடைக்கப்படும் முன்பே திருடர்கள் புகுந்து பார்த்தவை. ஊர் பேர் தெரியாத பென்டிரைவுகள் நாள் முழுக்க வந்துபோகும் கடையில் பழைய பதிப்பை வைத்திருக்காதீர்கள். 7-ஜிப் இலவசம், கடைக்கும் சேர்த்தே இலவசம். ஆனால் அதையும் நீங்கள்தான் கையால் புதுப்பிக்க வேண்டும்.

ராரில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு: மீட்புப் பதிவு. கோப்பின் ஒரு பகுதி சேதமானாலும் அதை வைத்துச் சரிசெய்துகொள்ளலாம். ஜிப்பிலும் 7இசட்டிலும் அது இல்லை.

ஓசூரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் பொறியாளர். இயந்திரங்களின் பதிவுகள் தினமும் சிஎஸ்வி கோப்புகளாகக் குவிகின்றன. ஸ்டெப் வரைபடங்களும் ஏராளம். சேமிக்குமிடம் லினக்ஸ் சர்வர், பார்ப்பவர்கள் விண்டோஸில். எது ஏற்றது?

இந்தப் பட்டியலிலேயே சுருக்கத்தால் உண்மையில் லாபம் காணப்போகிறவர் நீங்கள்தான். சிஎஸ்வியும் ஸ்டெப்பும் வெறும் எழுத்துக் கோப்புகள். அதே தேதி, அதே இயந்திர எண், அதே தலைப்பு என்று வரிக்கு வரி ஒன்றே திரும்ப வரும்.

தினசரிப் பதிவுகளுக்கு இசட்ஸ்டாண்டர்டு என்ற சுருக்கு முறையைப் பரிந்துரைப்பேன். யான் கொலே ஃபேஸ்புக்கில் இருந்தபோது உருவாக்கி 2016இல் வெளிவந்தது. 1 முதல் 19 வரை சாதாரண அளவுகள். 22 வரை போகலாம். அளவைக் கூட்டினால் சுருக்க நேரம் கூடும், பிரிக்கும் வேகமோ பெரிதாக மாறாது. ஒருமுறை சுருக்கிப் பலமுறை படிக்கும் உங்கள் வேலைக்கு அந்தக் குணம்தான் முக்கியம். இடமே பெரிய பிரச்சினை, வேகம் பொருட்டில்லை என்றால் எக்ஸ்இசட் என்ற இன்னொரு வடிவம். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட்டின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளக் கதவு ஒன்று புகுத்தப்பட்டிருந்தது அம்பலமானது. எஸ்எஸ்எச் வழியாகத் தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைவது அரை விநாடி தாமதமாவதைக் கவனித்துத் துருவிய ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் அதைக் கண்டுபிடித்தார். குற்றம் அந்தப் பதிப்புகளில்தான், வடிவத்தில் இல்லை. சர்வரில் எந்தப் பதிப்பு என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வரைபடங்களை விண்டோஸ்காரர்களுக்காக 7இசட்டில் வைக்கலாம். ஒன்றுபோல் இருக்கும் கோப்புகளைச் சேர்த்து ஒரே தொடராகச் சுருக்குவதால் அளவு நன்றாகக் குறையும். 'சாலிட்' என்ற தேர்வு அதுதான். விலையும் உண்டு: நடுவில் ஓரிடம் கெட்டால் அதே தொகுதியில் அதற்குப் பின்னால் இருப்பவையும் போகும்; ஒரே ஒரு வரைபடத்தை எடுக்கவும் முன்னால் உள்ளவற்றையெல்லாம் விரித்தாக வேண்டும். அடிக்கடி ஒவ்வொன்றாக எடுப்பீர்கள் என்றால் சாலிட்டை அணைத்துவிடுங்கள், அல்லது ஒரு பாகத்துக்கு ஒரு கோப்பு என்று பிரித்து வையுங்கள். அகராதி அளவை, அதாவது மீண்டும் வருவதைத் தேட எவ்வளவு பின்னால் போய்ப் பார்க்கலாம் என்பதை, 64 எம்பி வைத்தால் பிரிப்பவருக்கும் ஏறக்குறைய அவ்வளவு நினைவகம் போதும்; சுருக்கும் கணினிக்குச் சுமார் பத்து மடங்கு வேண்டும்.

அரூரில் கல்லூரி மாணவன். அண்ணனுக்கு அரசு கொடுத்த பழைய மடிக்கணினியில் லினக்ஸ் வைத்திருக்கிறேன். 'டார்.ஜிஇசட்' என்று ஏன் இரண்டு பின்னொட்டுகள்? வீட்டுக் கோப்புறையை 7இசட்டில் காப்பு எடுக்கலாமா?

இரண்டு வேலை, இரண்டு கருவி தம்பி. டார் கோப்புகளை ஒன்றாகக் கட்டும், சுருக்காது. காந்த நாடாவில் எழுதுவதற்காக 1979இல் யூனிக்ஸோடு வந்தது. 1992இல் வந்த ஜிஜிப் சுருக்கும், பலவற்றைக் கட்டத் தெரியாது. இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டினால் அந்த இரட்டைப் பெயர்.

காப்புக்கு 7இசட் வேண்டாம். கோப்பின் உரிமையாளர் யார், எந்தக் குழு என்ற லினக்ஸ் விவரங்களை அது சேமிப்பதில்லை. டாரில் எல்லாம் தங்கும். விண்டோஸில் பிரிக்க நேர்ந்தாலும் கவலையில்லை, 2018 முதல் விண்டோஸ் 10இலும் டார் கட்டளை இருக்கிறது.

'கல்யாணப் பத்திரிகை' என்று வாட்ஸ்ஆப்பில் ஒரு ஜிப் வந்தது. திறக்கலாமா? (தேன்கனிக்கோட்டை)

ஜிப்பைத் திறந்து உள்ளே இருக்கும் பெயரைப் பார்ப்பதோடு நிறுத்துங்கள். கூகுளின் ஃபைல்ஸ் செயலி போதும். உள்ளே 'ஏபிகே' என்று முடியும் கோப்பு இருந்தால் அது பத்திரிகை இல்லை, உங்கள் போனில் குடியேற வந்த செயலி. தொடாமல் அழித்துவிட்டு, அனுப்பியவரை நேரில் கூப்பிட்டுக் கேளுங்கள். பெரும்பாலும் அவருடைய வாட்ஸ்ஆப்பே கைமாறிப் போயிருக்கும்.

அஞ்செட்டி பக்கம் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். பதிவிறக்கிய ஜிப் 'சேதமடைந்தது' என்கிறது. அளவு கிட்டத்தட்ட முழுதாக இருக்கிறதே?

அந்தக் 'கிட்டத்தட்ட'தான் காரணம். ஜிப்பின் பொருளடக்கம் கோப்பின் கடைசியில் இருக்கிறது. 99 சதவீதம் வந்து வால் மட்டும் அறுந்தால், உள்ளே எங்கே என்ன இருக்கிறது என்று மென்பொருளுக்குத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு கோப்புக்கும் முன்னால் ஒரு சிறு தலைப்பும் தனியாக உண்டு. விண்ராரின் 'ரிப்பேர்' அந்தத் தலைப்புகளைத் தேடிப் பொருளடக்கத்தைத் திரும்பக் கட்டிப் பார்க்கும். அறுந்த இடத்துக்கு முன்னால் முழுதாக வந்தவை பெரும்பாலும் தேறிவிடும். மறுமுறை இறக்கும்போது, விட்ட இடத்திலிருந்து தொடரும் பதிவிறக்கச் செயலியைப் பயன்படுத்துங்கள். அனுப்புபவரிடம் 50 எம்பி துண்டுகளாகத் தரச் சொல்லுங்கள். ஒன்று கெட்டால் அந்த ஒன்றை மட்டும் மறுபடி வாங்கினால் போதும். எல்லாம் வந்ததும் 7-ஜிப்பில் 'டெஸ்ட்' கொடுத்துப் பாருங்கள். அது பிழையில்லை என்று சொல்லும்வரை அனுப்பியவர் தன் பிரதியை அழிக்க வேண்டாம்.