பதில்: சர்க்கரை உள்ள மகளுக்கு விடியற்காலையில் ஃபிட்ஸ்

சகோதரி, ஒன்பது வயது மகள், இரண்டு வருடமாக இன்சுலின், போன வாரம் தூக்கத்தில் வலிப்பு, இனி காக்காய் வலிப்பு என்றே ஆகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் பெங்களூரில் டைப் 1 சர்க்கரை நோய் (உடலில் இன்சுலின் சுரக்காத வகை) உள்ள பையனை வளர்ப்பவள். உங்கள் பதற்றம் எனக்குப் புரிகிறது.

அந்த நேரத்தில் சர்க்கரை மீட்டரில் என்ன காட்டியது? அதுதான் முதல் கேள்வி. சர்க்கரை இறங்கி வரும் வலிப்பை மட்டும் வைத்து யாரும் கால்-கை வலிப்பு நோய் என்று சொல்வதில்லை. ஆனால் தொடர்பே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2016-இல் வெளிவந்த தைவான் ஆய்வில், டைப் 1 உள்ள குழந்தைகளுக்கு அந்த நோய் வரும் வாய்ப்பு மற்ற குழந்தைகளைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு இருந்தது. அதனால் டாக்டர் சொன்ன ஈஈஜி-யை, அதாவது மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் சோதனையை, தள்ளிப்போடாதீர்கள். அதில் மூளைக்குள் கரண்ட் எதுவும் செலுத்த மாட்டார்கள். என் பையனுக்கு இங்கே மூளை நரம்பு மருத்துவமனையான நிம்ஹான்ஸில் எடுத்தோம், தலையில் பசை தடவி ஒயர் ஒட்டினார்கள், அவ்வளவுதான்.

அவனுக்கு வலிப்பு வந்தது இரவு மூன்று மணிக்கு. தலையணை வியர்வையில் நனைந்திருந்தது, மீட்டரில் சர்க்கரை 38, மிகவும் குறைவு. முந்தின மாலை இரண்டு மணி நேரம் கிரிக்கெட் ஆடியிருந்தான், அதில் சர்க்கரை இறங்கிவிட்டது. பதற்றத்தில் வாயில் சர்க்கரையைத் திணித்தேன், அது பெரிய தவறு. மகளுக்கு மறுபடி வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதுவும் வைக்காதீர்கள், கையில் சாவியும் வேண்டாம், உடனே 108. இறங்கிய சர்க்கரையை ஏற்றும் குளுக்ககான் ஊசி பற்றி டாக்டரிடம் கேளுங்கள். பயந்துபோய் இன்சுலினை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், தயவுசெய்து.