வாசகர் கேள்வி – பதில்: பின்னல் ஊசி பிடித்த பிஞ்சு விரல்கள்

கேள்வி: தாய் ஒருத்தி தன் மகளுக்குப் பின்னல் ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுக்கும் பழைய பிரெஞ்சு ஓவியம் ஒன்றைப் பேத்தியின் புத்தகத்தில் பார்த்தேன். எங்கள் வீட்டில் தறி ஓடிய நாளில் பாட்டி என் கையைப் பிடித்து ராட்டையில் தார் (நெசவுக்கான நூல் சுற்று) சுற்றப் பழக்கியது நினைவுக்கு வந்தது. “அந்தப் பிள்ளை ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை?” என்று பேத்தி கேட்கிறாள். என்ன சொல்வது?
– ஒரு வாசகி, செல்லூர், மதுரை.

பதில்: நீங்கள் பார்த்தது ழான் பிரான்சுவா மில்லே வரைந்ததாக இருக்கலாம். நார்மண்டியில் உழவர் குடும்பத்தில் பிறந்து, பின்னர் பார்பிசோன் கிராமத்தில் ஒன்பது பிள்ளைகளுக்குத் தந்தையாக வாழ்ந்த அவர், இந்தக் காட்சியை ஒருமுறைக்கு மேல் தீட்டியிருக்கிறார். தாய் மகளின் பக்கம் சாய்ந்திருக்க, இருவர் பார்வையும் ஊசிமுனையிலேயே நிற்கும். படம் பார்க்கும் நம்மை அவர்கள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. எனக்கு அந்த ஓவியத்தில் மிகவும் பிடித்தது அதுதான்.

பேத்தியின் கேள்விக்கு விடை சட்டத்தில் இருக்கிறது. ஊர்தோறும் தொடக்கப்பள்ளி வேண்டும் என்று பிரான்சில் 1833இல் சட்டம் வந்தபோது பெண் குழந்தைகளுக்கான பள்ளி அந்தக் கட்டாயத்தில் சேரவில்லை. 6 முதல் 13 வயது வரை இருபாலருக்கும் கல்வி கட்டாயமானது 1882இல்தான், அதாவது மில்லே இறந்து ஏழு ஆண்டுகள் கழித்து. அதுவரை பல பெண் பிள்ளைகளுக்குத் தாயின் மடியோரமே வகுப்பறை, காலுறை பின்னுவதே பாடம். அது பொழுதுபோக்கன்று, குளிர்நாட்டுக் குடும்பத்துக்கு அரிசி பருப்பைப் போல் அன்றாடத் தேவை.

ஆனால், அந்த அமைதியை அப்படியே நம்பிவிட வேண்டாம். இழை அறுந்தால் உச்சந்தலையில் விழும் குட்டு எந்த ஓவியத்திலும் இல்லை. உங்களுக்கு அது நினைவிருக்கும்.

வீட்டுக்குள் நடப்பதை ஓவியமாக்கியதில் பெண்களுக்குப் பெரும் பங்குண்டு. பாரிசின் அரசுக் கலைப்பள்ளி 1897 வரை பெண்களைச் சேர்க்காததாலும், ஆண்களைப்போல் தெருவிலும் விடுதியிலும் தனியே உட்கார்ந்து வரைய வழியில்லாததாலும், பிரெஞ்சு ஓவியர் பெர்த் மோரிசோ தன் அக்கா தொட்டிலருகே அமர்ந்திருப்பதை 1872இல் வரைந்தார். அமெரிக்க ஓவியர் மேரி கசாட் 1893இல் வரைந்த குளியல் காட்சியில், மடியில் அமர்ந்த குழந்தையின் பாதம் பேசினுக்குள் தாயின் கையில் இருக்கிறது. நீட்டிய கால்களின்மேல் பிள்ளையைப் போட்டுக் குளிப்பாட்டும் நம் ஆத்தாக்கள் பார்த்தால், இவ்வளவு தண்ணீர் போதுமா என்றுதான் கேட்பார்கள்.

நம் பக்கமும் வீடே பள்ளியாக இருந்த காலம் உண்டு. அன்றைய சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் தொடங்கிய கல்விக் கணக்கெடுப்பில், சென்னை நகரில் வீட்டிலேயே கற்போர் பள்ளியில் கற்போரைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல் என்று கணக்கு வந்தபோது, அவரே அதில் பிழையிருக்கலாம் என்று ஐயப்பட்டார். அந்த வீடுகளின் உட்புறத்தை வரைய மில்லே போன்ற ஒருவர் நமக்கு வாய்க்கவில்லை. ரவி வர்மா 1893இல் தன் மகளை மாதிரியாக வைத்து, கைக்குழந்தையோடு தந்தையின் வரவை எதிர்நோக்கும் தாயை வரைந்தார். அழகான ஓவியம்தான், ஆயினும் அதில் உழைக்கும் கை இல்லை.

பரணில் அந்த ராட்டை இன்னும் கிடந்தால், இறக்கித் துடைத்துப் பேத்தியிடம் கொடுங்கள். ஒரு தார் சுற்றிப் பார்க்கட்டும்.