போதகர் இல்லாத மாதங்களில் ஆலயத்தை இடிக்கலாமா?

கேள்வி: மார்த்தாண்டம் அருகே ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையின் செயலாளராக இருக்கிறேன். ஆறு ஆண்டுகள் எங்களோடு இருந்த போதகர் பணி ஓய்வு பெற்றுவிட்டார். புதியவர் வர இன்னும் சில மாதங்கள் ஆகும் என்கிறார்கள். பக்கத்துச் சேகரத்து (ஒரு போதகரின் கீழுள்ள சபைகளின் தொகுதி) போதகர் பொறுப்பில் இருக்கிறார்; மாதம் ஒருமுறை திருவிருந்து (அப்பமும் திராட்சரசமும் பகிரும் ஆராதனை) நடத்த வருகிறார். வெளிநாட்டிலுள்ள சபைப் பிள்ளைகள் பணம் தரத் தயாராக இருப்பதால், பழைய ஆலயத்தை இப்போதே இடித்துக் கட்டலாம் என்று கமிட்டியில் பாதிப்பேர் நிற்கிறார்கள். வாலிபர்கள் பாடல் முறையை மாற்றச் சொல்கிறார்கள். பெரியவர்கள் ஓய்வு பெற்ற ஐயாவையே திருமணத்துக்கும் அடக்கத்துக்கும் அழைக்கிறார்கள். நாலைந்து குடும்பங்கள் வேறு சபைக்குப் போகத் தொடங்கிவிட்டன. எதை முதலில் கவனிப்பது?

பதில்: முதலில், ஆலயத்தை இடிக்காதீர்கள். புதிய போதகர் வந்து ஒரு கிறிஸ்துமஸும் ஓர் உயிர்த்தெழுதல் பண்டிகையும் சபையோடு கழித்த பிறகு அந்தப் பேச்சை எடுங்கள். பணம் தயாராக இருக்கிறது என்பது ஒரு காரணமே அல்ல. தலைமை இல்லாத நேரத்தில் எடுக்கும் பெரிய முடிவுகளை, பின்னால் வருகிறவர் பத்து ஆண்டுகளுக்குச் சுமக்க வேண்டியிருக்கும். அவருக்குப் பின் வருகிறவரும் சுமப்பார்.

உங்கள் பகுதியில் ரப்பர் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இலை உதிர்ந்து புதுத்தளிர் விடும் வாரங்களில் மரத்தில் கத்தி வைப்பதில்லை. அதற்காகத் தோட்டத்துக்காரர் வீட்டில் படுத்துக்கொள்வதும் இல்லை. செய்து முடிக்க அப்போது வேறு வேலைகள் இருக்கும். உங்களுக்கும் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை யார் கண்ணிலும் படாத வேலைகள். அதனால்தான் கமிட்டிகள் அவற்றை விட்டுவிட்டுக் கட்டட வரைபடத்தின் பின்னால் ஓடுகின்றன.

கணக்கிலிருந்தும் பதிவேடுகளிலிருந்தும் தொடங்குங்கள். ஞானஸ்நானம், திடப்படுத்தல் (ஞானஸ்நானம் பெற்றவர் விசுவாசத்தை உறுதிசெய்யும் சடங்கு), திருமணம், அடக்கம் ஆகிய பதிவேடுகள் எல்லாம் யாரிடம் இருக்கின்றன? கடைசிப் பக்கம் வரை கையெழுத்தாகியிருக்கிறதா? வங்கிக் கணக்கில் ஓய்வு பெற்றவரின் கையெழுத்து இன்னும் இருக்கிறதா? இருந்தால் தீர்மானம் போட்டு மாற்றுங்கள். அது அவர்மேல் வைக்கும் சந்தேகம் அல்ல, அவருக்குச் செய்யும் நன்மை. நிலப் பத்திரங்கள், தீர்வை ரசீதுகள், கல்லறைத் தோட்டத்தின் பட்டா, திருவிருந்துப் பாத்திரங்கள், சாவிகள் என எல்லாவற்றுக்கும் ஒரு பட்டியல் எழுதி, பொறுப்புப் போதகர் முன்னிலையில் சரிபார்த்துக் கையெழுத்து வாங்குங்கள்.

பத்திரங்களைப் பற்றி இன்னொன்று. கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. விளவங்கோடு, கல்குளம் பக்கத்துப் பழைய ஆவணங்கள் பலவும் மலையாளத்தில் இருக்கும். அந்த எழுத்தை வாசிக்கிற பெரியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். உங்கள் சபையில் ஒருவர் இருந்தால், அவரை உட்காரவைத்து வாசிக்கச் சொல்லித் தமிழில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எல்லை எது, வழி எது, யார் எதற்காகக் கொடுத்த நிலம் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆலயம் கட்டுகிற நாள் வரும்போது, வரைபடத்தைவிட இந்த நாலு பக்கம் அதிகம் உதவும்.

இனி மனிதர்களுக்கு வருவோம். உங்கள் கேள்வியில் எனக்கு அதிகம் கவலை தந்தது ஓய்வு பெற்ற ஐயாவைப் பற்றிய வரிதான். பெரியவர்கள் அவரை அழைப்பதில் வஞ்சகம் எதுவும் இல்லை. தாயை அடக்கம் செய்யும்போது, அந்தத் தாயின் படுக்கையருகே ஜெபித்தவர் வர வேண்டும் என்று விரும்புவது இயல்பு. ஆனால் அவர் வந்துகொண்டே இருந்தால், புதிதாக வருகிறவர் அடுத்த சில ஆண்டுகளுக்கு விருந்தாளியாகவே இருப்பார். சபையின் துக்கத்திலும் மகிழ்ச்சியிலும் இடம் கிடைக்காத போதகருக்குப் பிரசங்க பீடம் மட்டும் மிஞ்சும். அங்கிருந்து அவர் என்ன சொன்னாலும் மேலேயே பறந்துபோகும்.

இதை ஓய்வு பெற்றவரிடம் நீங்கள் தனியாகப் போய்ச் சொல்லாதீர்கள். செயலாளர் சொன்னால் அது கமிட்டியின் அவமதிப்பாகக் கேட்கும். பொறுப்புப் போதகரே சொல்லட்டும், ஒரு போதகர் இன்னொரு போதகரிடம் பேசுவதுபோல. அழைக்க வருகிறவர்களிடம் ஐயா சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: ‘உங்கள் போதகரிடம் கேளுங்கள். அவர் என்னை அழைத்தால், ஒரு ஜெபம் செய்ய வருகிறேன்.’ அந்த ஒரு வாக்கியத்தை அவர் இருபது வீடுகளில் சொன்னால் உங்கள் சிக்கல் பாதி தீரும். ஊருக்குள்ளேயே வீடு கட்டிக் குடியிருக்கிறார் என்றால், முதல் ஓராண்டாவது ஞாயிறு ஆராதனைக்கு வேறு சபைக்குச் செல்லும்படி அன்போடு கேட்டுக்கொள்ளலாம். கடினமான வேண்டுகோள்தான். நல்ல போதகர்களுக்கு அது புரியும். போதகரம்மாவையும் மறந்துவிடாதீர்கள், பெண்கள் ஐக்கிய சங்கத்தை அத்தனை ஆண்டுகள் நடத்தியவருக்கு யாரும் தனியாக நன்றி சொல்லாமல் விட்டிருப்பார்கள். பிரிவு உபசாரத்தில் பொன்னாடை ஐயாவுக்குத்தான் போயிருக்கும்.

திருமணங்களில் சட்டத்தையும் பார்க்க வேண்டும். தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009-இன்படி, எந்த மதத்தவராக இருந்தாலும் திருமணத்தை 90 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். திருமணத்தை நடத்தியவர் யார், சபைப் பதிவேட்டில் கையெழுத்து யாருடையது என்பதில் குழப்பம் இருந்தால், பின்னால் விசாவுக்கு அலைகிற பிள்ளைகள்தாம் சிரமப்படுவார்கள். வளைகுடாவுக்குப் போகக் காத்திருக்கும் பிள்ளைகள் இல்லாத வீடு உங்கள் பக்கம் குறைவு. பெற்றோரிடம் இந்தக் காரணத்தைச் சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள்.

வேறு சபைக்குப் போன குடும்பங்களைப் பற்றி. உபதேசத்தில் கருத்து வேறுபட்டுப் போகிறவர்கள் மிகச் சிலர். மருத்துவமனையில் கிடந்தபோது சபையிலிருந்து யாரும் எட்டிப் பார்க்கவில்லை, மரித்தவரின் நாற்பதாம் நாள் ஜெபத்துக்கு ஆள் வரவில்லை என்பது போன்ற வருத்தங்கள்தாம் அடியில் இருக்கும். போதகர் இல்லாத காலத்தில் முதலில் நின்றுபோவது வீட்டுச் சந்திப்புதான். ஞாயிறு ஆராதனை எப்படியாவது நடந்துவிடும். ஆகவே கமிட்டி உறுப்பினர்களை இரண்டிரண்டு பேராகப் பிரியுங்கள். ஒவ்வொரு இணையிலும் ஒரு பெண் கட்டாயம் இருக்கட்டும். பிள்ளைகள் வெளிநாட்டில், தாங்கள் மட்டும் வீட்டில் என்று இருக்கிற முதியோரை முதலில் பாருங்கள். பிறகு போனவர்களின் வீட்டுக்கும் செல்லுங்கள். ‘திரும்பி வாருங்கள்’ என்று சொல்லவே வேண்டாம். அவர்கள் பேசட்டும், கேட்டுவிட்டு ஜெபித்து வாருங்கள். நியாயம் பேசத் தொடங்கினால் போன காரியம் கெட்டது.

அதே சந்திப்புகளில் எல்லா வீடுகளிலும் மூன்று கேள்விகள் கேட்கலாம். இந்த ஆறு ஆண்டுகளில் எது உங்களைத் தாங்கியது? எது காயப்படுத்தியது? வருகிறவர் முதலில் எதைத் தெரிந்துகொள்ள வேண்டும்? பதில்களைப் பெயர் போடாமல் எழுதிவையுங்கள். இதை வாட்ஸப் குழுவில் கேட்காதீர்கள். அங்கே எப்போதும் அதே ஐந்து பேர்தான் பேசுவார்கள், அதில் இருவர் துபாயிலிருந்து.

ஆராதனைகளைப் பொறுத்தவரை பயப்பட ஒன்றுமில்லை. நம் முறையில் திருவிருந்து நடத்தக் குருப்பட்டம் பெற்றவர் வேண்டும். மற்ற ஞாயிறுகளில் சபை ஊழியரும் பிரசங்கிக்க அனுமதி பெற்ற சபையாரும் நடத்தலாம். நம் மாவட்டத்துச் சீர்திருத்தச் சபைகள் தங்கள் தொடக்கத்திலேயே இப்படியொரு இடைவெளியைக் கடந்திருக்கின்றன. 1806-இல் மயிலாடிக்கு வந்து, 1809-இல் அங்கே ஆலயம் எழுப்பிய மிஷனரி ரிங்கல்தௌபே, உடல்நலம் குன்றி 1816-இல் புறப்பட்டார். அடுத்த மிஷனரி மீட் வந்து சேர்ந்தது 1818-இல். இடையில் சபைகளைப் பார்த்துக்கொண்டவர் மயிலாடி மகராசன் வேதமாணிக்கம், அந்த ஊர்க்காரர். போதகர் வரும்வரை எல்லாவற்றையும் நிறுத்திவைப்போம் என்று அவர் உட்கார்ந்திருக்கவில்லை. உங்கள் கமிட்டிக் கூட்டத்தில் யாராவது ‘ஐயா இல்லாமல் நாம் என்ன செய்ய முடியும்?’ என்று கேட்டால், இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

பாடல் சண்டைக்கு நான் அதிகம் இடம் கொடுக்க மாட்டேன். ஆனாலும் பெரியவர்கள் ‘ஆதிமுதல் இப்படித்தான்’ என்று சொல்லும்போது, ஒரு விஷயத்தை மெதுவாக நினைவூட்டலாம். ரிங்கல்தௌபேயை அனுப்பிய லண்டன் மிஷன் நட்ட சபைகளில் பேராயர் (பிஷப்) என்ற பதவியே கிடையாது. 1908-இல் தென்னிந்திய ஐக்கிய சபை, 1947 செப்டம்பர் 27-இல் தென்னிந்தியத் திருச்சபை, 1959-இல் ஒரு பேராயருக்குக் கீழே தனிக் கன்னியாகுமரிப் பேராயம் என்று நம் முன்னோர் மாறிக்கொண்டே வந்தார்கள். இன்று நாம் பயன்படுத்தும் திருவிருந்து ஒழுங்கின் மூலவடிவமே 1950-இல் வந்தது. ஆர்மோனியம்கூடக் கப்பலில் வந்ததுதான். அதேபோல, கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகளை ராகத்தோடு பாடத் தெரியாத வாலிபர், அவற்றை நிறுத்தச் சொல்லவும் தகுதியில்லாதவர். மாதத்தில் ஒரு ஞாயிறை வாலிபர்களுக்குக் கொடுங்கள், நிபந்தனையோடு: அதில் இரண்டு கீர்த்தனைகள் இருக்க வேண்டும், அவற்றை முந்தின சனிக்கிழமை மாலை பெரியவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டும். உயிர்த்தெழுதல் பண்டிகைக்கு முந்தின லெந்து நாட்களில் கைவைக்க வேண்டாம். இதுவும் தற்காலிகம்தான், புதிய போதகர் வந்து முடிவு செய்வார் என்று அறிவிப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

மறுபடியும் கட்டடத்துக்கு வருகிறேன். கூரை ஆபத்தாக இருந்தால் அது வேறு கதை. உத்திரத்தில் கரையான், சுவரில் விரிசல் என்றால் பொறியாளரை அழைத்து எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். இரு பருவமழையும் பெறும் மாவட்டம் நம்முடையது. கூரை ஓடுகளை மாற்றுவதற்கு ஜூன் வரை காத்திருக்கக் கூடாது. பழுது பார்ப்பது பராமரிப்பு, அதற்குப் போதகர் வரும்வரை நிற்க வேண்டியதில்லை. இடித்துக் கட்டுவது வேறு. சொத்து பொதுவாக சி.எஸ்.ஐ. டிரஸ்ட் அசோசியேஷன் பெயரில் இருக்கும். பேராயத்தின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் ஒரு செங்கல்லைக்கூட அகற்ற உங்கள் கமிட்டிக்கு அதிகாரம் கிடையாது. அதற்குமேல் வழிபாட்டுத் தலம் என்பதால் விஷயம் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வரை போகும். 1982-இல் மண்டைக்காட்டில் நடந்த இந்து-கிறிஸ்தவக் கலவரத்துக்குப் பிறகு, இந்த மாவட்டத்தில் எந்த மதத்தின் வழிபாட்டுத் தலமானாலும் அதிகாரிகள் இருமுறை யோசித்துத்தான் கையெழுத்துப் போடுகிறார்கள். ஆலயத்தை இடித்துவிட்டு, அனுமதிக்காகப் பந்தலில் ஆண்டுக்கணக்கில் ஆராதனை நடத்தும் நிலைக்கு உங்கள் சபையைக் கொண்டுபோகாதீர்கள்.

வெளிநாட்டுப் பணத்திலும் ஒரு வேறுபாடு இருக்கிறது. இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் வேலை பார்ப்பவர், தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படுவதில்லை. அமெரிக்க, பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கிவிட்டவரின் பணம் அப்படியல்ல. அவர் உங்கள் ஊரில் பிறந்து உங்கள் ஓய்வுநாள் பாடசாலையில் படித்தவராக இருந்தாலும், வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2010 அவரை வெளிநாட்டவராகவே பார்க்கும். அதற்குரிய பதிவு இல்லாத கணக்கில் அந்தப் பணத்தை வாங்கக் கூடாது. யார் எந்தப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறார் என்று இப்போதே கேட்டு எழுதுங்கள். பணத்தை மட்டும் இப்போது வாங்காதீர்கள்; கணக்கில் பணம் கிடந்தால் இடிக்கச் சொல்கிறவர்களின் குரல் தானாக உயரும்.

புதியவர் வருவதற்குமுன் போதகர் இல்லத்தை ஒருமுறை நன்றாகப் பாருங்கள்: தண்ணீர் மோட்டார், கழிவறை, சமையலறைக் கதவு. வரவேற்பு வளைவுக்குச் செலவழிக்கும் பணத்தை அங்கே செலவழியுங்கள். வீட்டுச் சந்திப்புகளில் எழுதியவற்றைச் சுருக்கி இரண்டு பக்கக் கடிதமாக அவருக்குக் கொடுங்கள். சண்டைகளையும் மறைக்காமல் எழுதுங்கள், பெயர்களை மட்டும் விட்டுவிடுங்கள். அவர் வந்திறங்கிய முதல் மாலையிலேயே ஒரு தரப்பு போய்க் காபி குடித்துவிட்டு வருவது நம் ஊர்களில் வழக்கம். அதைத் தடுக்க ஒரே வழி, அந்த வாரம் முழுவதும் அவரை நோயாளிகளின் வீடுகளுக்கும் கிளைச்சபைகளுக்கும் அழைத்துச் செல்வதுதான்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் கட்டடத் தீர்மானம் வந்தால், நடவடிக்கைப் புத்தகத்தில் ‘ஒத்திவைக்கப்பட்டது’ என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த மாதம் மறுபடி எடுப்பது, அதற்குள் பத்திரங்களைச் சரிபார்ப்பது யார், பொறியாளர் அறிக்கையை வாங்குவது யார் என்று பெயரோடு எழுதுங்கள். இடிக்க வேண்டும் என்று அதிகம் குரல் கொடுத்தவரிடமே பத்திர வேலையை ஒப்படையுங்கள்.