ஆறாவது படம்

கேள்வி: எனக்கு 26 வயது. நூற்பாலையில் ஷிஃப்ட் வேலை. எந்தக் கல்லூரிக்கும் போகாமல் நானாகவே ஓவியம் கற்றுக்கொண்டேன். வேலையை விட்டுவிட்டு முழுநேர ஓவியனாகிவிடலாம் என்று இருக்கிறேன். கேன்வாஸ், ஆயில் கலர், படத்தை நிறுத்தி வரையும் ஈசல் தாங்கி வாங்க அம்மாவின் சங்கிலியை அடகு வைக்கலாமா என்றும் யோசனை. டச்சு ஓவியர் வான்கோகூட உயிரோடு இருந்தவரை ஒரு படமும் விற்காமல் வறுமையில் வாடியவர்தானே? நான் வரைந்த ஆறு படங்களை இணைத்திருக்கிறேன். படிப்பும் பணமும் இல்லாதவனுக்கு ஓவிய உலகில் இடம் உண்டா?
– பெயர் வேண்டாம், ராஜபாளையம்.

பதில்: முதலில் சங்கிலி. அது அம்மாவின் கழுத்திலேயே இருக்கட்டும். அதை அடகு வைத்து நீங்கள் வாங்க நினைக்கும் எதுவும் இன்றைக்கு உங்களுக்குத் தேவையில்லை. ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன்னால் வான்கோவைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். வேலையை விட நினைக்கும் இளைஞர்கள் அவர் பெயரைச் சொல்லித்தான் எனக்கு எழுதுகிறார்கள்.

அவர் ஒன்றுமே விற்கவில்லை என்பது சரியல்ல. ‘சிவப்புத் திராட்சைத் தோட்டம்’ 1890இல் 400 பிராங்குக்கு விற்றது. அது போகட்டும், நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு. 27 வயதில் ஓவியனாவது என்று முடிவெடுத்தவர் 37 வயதில் இறந்தார். அந்தப் பத்து வருஷமும் அவரைத் தாங்கியது தம்பி தியோவின் சம்பளம். தியோ பாரிஸில் ஓவியங்களை விற்கும் நிறுவனத்தில் வேலை பார்த்தார். வாடகை, சாப்பாடு, வண்ணம், கேன்வாஸ் எல்லாம் அவர் அனுப்பிய பணத்தில்தான் நடந்தன. அப்படி ஒரு தம்பி உங்களுக்கு இருப்பதாகக் கடிதத்தில் இல்லை. உங்களுக்கு அந்த மில்தான் தியோ. அதை விட்டுவிட்டு எதை நம்பி உட்காரப் போகிறீர்கள்?

வான்கோவும் பெரும்பாலும் தானாகக் கற்றவர்தான். ஆனால் எப்படிக் கற்றார் என்று பாருங்கள். ஆரம்பத்தில் வண்ணத்துக்கு அவசரப்படவில்லை. சார்ல் பார்க் என்பவர் தயாரித்த பயிற்சிப் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்து வரைந்தார். ஹாலந்தில் நூனன் என்ற ஊரில் இருந்தபோது தறிக்குள் உட்கார்ந்திருக்கும் நெசவாளிகளை வீடு வீடாகப் போய் வரைந்தார். பிரான்ஸின் தெற்கே ஆர்ல் ஊருக்குப் போன பிறகு, அங்கே வளர்ந்த நாணலைச் சீவிப் பேனாவாக்கிக்கொண்டார். அவருடைய மிக நல்ல கோட்டோவியங்கள் பல அந்த நாணலில் பிறந்தவை.

இப்போது உங்கள் படங்கள். ஐந்து படங்களில் நடிகர்கள். செல்போனில் உள்ள போட்டோவைக் கட்டம் போட்டு, பென்சிலில் தேய்த்து, கண்ணில் வெளிச்சப் புள்ளி வைத்திருக்கிறீர்கள். பொறுமை தெரிகிறது, கைத்திறன் தெரிகிறது. ஆனால் இதே போட்டோவை இதே மாதிரி வரைந்து இந்த மாதம் மட்டும் நான்கு பேர் எனக்கு அனுப்பியிருக்கிறார்கள். உங்களுடையதை நான் தனியாக எடுத்துக் காட்ட முடியாது.

ஆறாவது படத்தை என் மேஜைமேல் ஒரு வாரமாக வைத்திருக்கிறேன். பழைய ஷிஃப்ட் தாளின் பின்பக்கத்தில் பால்பாயின்ட் பேனாவால் வரைந்தது. இரவு ஷிஃப்ட் முடிந்த ஒரு பெண் பஞ்சுப் பொதியில் சாய்ந்து தூங்குகிறார். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்கிறது, அதை நீங்கள் வரையவே இல்லை, சுற்றிலும் கோடு போட்டு அந்த இடத்தை மட்டும் தாளின் வெள்ளையாக விட்டிருக்கிறீர்கள். காலடியில் டிபன் டப்பா திறந்து கிடக்கிறது. வாய் லேசாகத் திறந்திருக்கிறது. இதை வேறு யாராலும் எனக்கு அனுப்பியிருக்க முடியாது. ஓவிய உலகில் இடம் உண்டா என்று கேட்டீர்களே, இந்தப் படத்துக்கு உண்டு.

குறையும் அதில்தான் இருக்கிறது. அந்தப் பெண்ணின் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் மறைத்துவிட்டீர்கள். கை வரைய வரவில்லை, அதுதானே? கல்லூரியில் இருந்திருந்தால் ஆசிரியர் முதல் நாளே அந்த முந்தானையை விலக்கச் சொல்லியிருப்பார். கல்லூரி தருவது அதைத்தான்: தப்பைப் பார்த்துச் சொல்ல ஒரு ஆள், முன்னால் உட்கார ஒரு மாடல், கூட வரைய நாலு பேர். அந்த மூன்றையும் நீங்களே தேடிக்கொள்ள வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் உங்களுக்குப் பக்கம்தான். ஆண்டாள் கோயில் தூண்களில் நாயக்கர் காலத்துச் சிற்பங்கள் நிற்கின்றன. விடுமுறை நாளில் போய் உட்கார்ந்து விரல்கள் எப்படி மடங்குகின்றன என்று மட்டும் பாருங்கள். அப்புறம் மில்லில் நூலை முடிச்சுப் போடும் கைகளைப் பாருங்கள்.

பொருள் விஷயம். பால்பாயின்ட் மை வெயில் பட்டால் வெளுத்துவிடும், அந்தப் பெண்ணும் மங்கிப் போய்விடுவார். ஒரு பாட்டில் இந்தியன் இங்க் என்ற கறுப்பு மை, ஒரு ஹோல்டர் பேனா, இரண்டு நிப், கொஞ்சம் கெட்டியான காகிதம் போதும். வண்ணம் வேண்டும்போது காடா துணியைச் சட்டத்தில் இழுத்து அடித்து, பிரைமர் இரண்டு கோட் பூசிக்கொள்ளுங்கள். ஈசல் எதற்கு? சுவரில் சாய்த்து வையுங்கள்.

போட்டோ ஸ்டுடியோக்காரர் ஒருவர் நீங்கள் வரையும் உருவப்படத்துக்கு உங்களுக்கு 200 ரூபாய் கொடுத்துவிட்டு, வாடிக்கையாளரிடம் 1,500 வாங்குகிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கோபம் வந்த இடம் அதுதான். நான் முன்பு வேலை பார்த்த ஒரு பத்திரிகையில், அட்டைப்படம் வரைந்த ஓவியர் தன் சன்மானத்துக்காக ஏழு மாதம் படியேறியதைப் பார்த்தவன் நான். நேராக ஆர்டர் பிடியுங்கள், பாதிப் பணத்தை முன்பணமாக வாங்குங்கள். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் வாங்கிக்கொண்டு வரையும் உருவப்படத்தின் காப்புரிமை 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி வரையச் சொன்னவருக்குப் போய்விடும். அதனால் உரிமை உங்களுக்கே என்று ஒரு துண்டுச் சீட்டிலாவது எழுதி வாங்குங்கள்.

ஆர்டருக்கு வரைவது கேவலம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். 1966இல் சென்னைக்கு வெளியே சோழமண்டல ஓவியர் கிராமத்தைத் தொடங்கியவர்கள் மெழுகு பூசிச் சாயம் ஏற்றும் பத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்றார்கள். பிழைப்புக்கு அது, மனசுக்கு ஓவியம் என்று பிரித்துக்கொண்டார்கள். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர், சென்னை ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்தவர், அவரே அதற்கு முன்னின்றார்.

சான்றிதழ் ஒன்று கையில் இருக்கட்டும் என்றால், அரசுத் தேர்வுத் துறை நடத்தும் லோயர், ஹையர் ஓவியத் தேர்வுகளைத் தனித்தேர்வராக எழுதுங்கள். மற்றபடி பட்டத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். போபாலில் பாரத் பவன் என்ற கலை மையத்தின் கட்டடம் எழும்பியபோது அங்கே சித்தாள் வேலை பார்த்தவர் பூரி பாய் என்ற பில் பழங்குடிப் பெண். ஓவியர் ஜே. சுவாமிநாதன் கேட்டுக்கொண்டதால் தன் ஊர்ச் சுவரில் வரைவதைக் காகிதத்தில் வரைந்தார். 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவருக்குத் துணையாக ஒரு மரபு இருந்தது, உண்மைதான். உங்களுக்கு உங்கள் மில் இருக்கிறது. ஸ்பின்னிங் மில்லின் உள்ளே இருந்து, அங்கேயே வேலை செய்கிறவர் வரைந்த படங்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஷிஃப்டுக்கு முன்னால் ஒரு மணி நேரம், தினமும். நடிகர்கள் கொஞ்ச நாள் காத்திருக்கட்டும். மூன்று மாதம் கழித்து எனக்கு முப்பது கைகள் அனுப்புங்கள்.

ஆறாவது படத்தை ஒரு சிறுகதையோடு வெளியிட விரும்புகிறேன். சன்மானம் உண்டு, படம் அச்சாகும் அன்றே அனுப்பிவைப்போம். உங்கள் சம்மதத்தை எழுதி அனுப்புங்கள். தூங்குகிற அந்த அக்காவிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதுங்கள்.