பனியில் செருகிய கத்தி (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

போன மாதம் நீங்கள் எழுதிய, பனி ஊரில் கத்தி அடிக்கும் கொல்லன் கதையை என் தம்பிக்கு அனுப்பினேன். அவன் கனடாவில், வினிப்பெக்கில் இருக்கிறான். வாரநாளில் கணினி வேலை, சனி ஞாயிறு வீட்டுக் கராஜில் இரும்படிப்பு. கேஸ் உலை, பழைய பட்டறைக் கல் (மேலே வைத்து அடிக்கும் எஃகுக் கட்டை) எல்லாம் வாங்கிப் போட்டிருக்கிறான். ஜனவரியில் அங்கே மைனஸ் 20 சாதாரணம்.

படித்துவிட்டுச் சிரித்தான். "அக்கா, ஒரே பத்தியில நாலு தப்பு. பனியிலிருந்து உள்ளே வந்தவன் நேராக் கல்லுல வெச்சு அடிக்கிறான். குளிருதுன்னு கதவைச் சாத்துறான். செய்த கத்தியைப் பனியில செருகுறான். அதுவும் அரைக்கைச் சட்டையோட!" என்றான்.

கதைக்கு இவ்வளவு கறார் தேவையா என்று தெரியவில்லை. ஆனால் கதவைப் பற்றி அவன் சொன்னதிலிருந்து எனக்கும் அம்மாவுக்கும் பயம் பிடித்துக்கொண்டது. அவன் செய்வது ஆபத்தில்லையா?

ம., தெம்பனிஸ், சிங்கப்பூர்

அன்புள்ள ம.,

தம்பி சொன்ன நான்கில் மூன்றை ஒப்புக்கொள்கிறேன். கதைக்குக் கறார் தேவைதான். கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போனவன் நான்.

முதலில் அந்தப் பனி. "கத்தியைப் பனியில் செருகினான், புஸ்ஸென்று ஆவி எழுந்தது" என்று எழுதிவிட்டு என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். நான் பார்த்த ஒரே பனி, பேரப்பிள்ளைகளோடு ஸ்நோ சிட்டியில் பார்த்தது. அது இயந்திரம் செய்த பனி.

துவைச்சல், அதாவது பழுத்த இரும்பைச் சட்டென்று ஆற்றிப் பதம் ஏற்றுவது என்றால், சூட்டை ஒரே மூச்சில், எல்லாப் பக்கமும் சீராக இழுக்க வேண்டும். புதிதாய் விழுந்த பனியில் பத்தில் ஒன்பது பங்கு காற்றுதான். பழுத்த இரும்பு பட்டதும் பனி உருகி விலகிப் பொந்து விழும். அப்புறம் கத்தி நிற்பது ஆவியிலும் காற்றிலும். ஒரு பக்கம் முந்தி ஆறும், மறுபக்கம் பிந்தி ஆறும். பதமும் ஏறாது, கத்தியும் கோணிக்கொள்ளும். எண்ணெயில் துவைப்பவர்கள்கூட எண்ணெயை 50 டிகிரிக்குப் பக்கம் சூடாக்கிக்கொள்கிறார்கள். குளிர்ந்த எண்ணெய் பாகு மாதிரி அசையாமல் நிற்கும். சூடான எண்ணெய் இளகி ஓடி இரும்பை விடாமல் தழுவும், அதனால் அதுதான் சீக்கிரம் ஆற்றும். கேட்கத் தலைகீழாக இருக்கிறது, இல்லையா? ஆக, அந்த வரி போய்விட்டது. மனம் கேட்கவில்லை, ஆனாலும் எடுத்துவிட்டேன்.

குளிர்ந்த கல்லில் அடிப்பது பற்றித் தம்பி சொன்னதுதான் என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை.

என் அப்பா செம்பவாங்கில், கடற்படைத் தளம் ஆங்கிலேயர் கையில் இருந்த காலத்தில், இரும்புப் பட்டறையில் வேலை பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கம்பத்து வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் சொந்த உலை. கொத்தனார்களுக்கு உளி தீட்டிப் பதம் வைத்துக் கொடுப்பார். துருத்தி போடுவது நான். உளியின் நுனியைப் பழுக்கக் காய்ச்சி, நுனியை மட்டும் தண்ணீரில் தோய்த்து எடுப்பார். உடனே ஒரு கல்லால் தேய்த்துப் பளிச்சென்று ஆக்குவார். பின்பக்கத்தில் மிச்சமிருக்கும் சூடு மெல்ல நுனிக்கு வரும்போது அந்தப் பளபளப்பில் நிறம் ஓடும். முதலில் வைக்கோல் நிறம், அப்புறம் பழுப்பு, அப்புறம் கத்தரிப்பூ நிறம். கத்தரிப்பூ நுனியைத் தொட்டதும் முழு உளியையும் தண்ணீரில் போட்டுவிடுவார். ஒரு நொடி பிந்தி நீலமாகிவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் ஒன்று செய்வார். தடித்த இரும்புத் துண்டு ஒன்றைச் சிவக்கக் காய்ச்சிப் பட்டறைக் கல்லின் மேல் வைத்துவிட்டு, ஒரு கோப்பி குடித்து முடிக்கும்வரை சும்மா உட்கார்ந்திருப்பார். ஆயுத பூசை மாதிரி ஏதோ சாங்கியம் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் கேட்டபோது, "ஃபோர்மன் துரை அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாரு. கல்லு சில்லுன்னு இருக்கையில அடிக்கக்கூடாது" என்றார். தகரக் கொட்டகையில் காலை பத்து மணிக்கே வியர்வை கொட்டும். சிங்கப்பூரில் பதிவான ஆகக் குறைந்த வெப்பமே 19 டிகிரிதான், 1989இல் பாய லேபாரில். எங்கள் கல் எந்தக் காலத்தில் சில்லென்று இருந்தது?

தம்பி சொன்னதைப் படித்த பிறகுதான் உறைத்தது. எஃகு குளிரக் குளிர நொறுங்கும் குணம் கொள்ளும். உறைந்த கல்லில் ஓங்கி அடித்தால் ஓரம் சில்லு பெயரும், சில்லு கண்ணுக்கு வரும். 1943 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லண்டில் ஸ்கெனெக்டடி என்ற புத்தம் புதிய எண்ணெய்க் கப்பல் துறையில் கட்டிக்கிடந்தபோதே கிட்டத்தட்ட இரண்டாகப் பிளந்தது. அலையுமில்லை, குண்டுமில்லை, குளிரும் மோசமான எஃகும் பற்றவைப்பு (வெல்டிங்) வேலையும் சேர்ந்து செய்த வேலை. அந்தத் துரை பனி பெய்யும் ஊரில் கற்றதை மூட்டை கட்டிக்கொண்டு வந்து இங்கே இறக்கி வைத்திருக்கிறார். அப்பா அதைக் கேள்வி கேட்காமல் கடைசிவரை செய்தார். மெல்லிய துண்டை அடிக்கும்போது சூடான கல் சூட்டைக் குறைவாகத்தான் உறிஞ்சும் என்பதால் இங்கேயும் கொஞ்சம் பலன் இருந்திருக்கலாம். ஆனால் அந்தக் கோப்பி நேரத்துக்காகவே செய்தார் என்றுதான் எனக்குச் சந்தேகம்.

சரி, கதவு. அம்மாவின் பயம் நியாயமானது. சாத்திய கராஜில் உலை எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு சேரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலை வலிக்கும், அசதியாக இருக்கும். குளிரில் களைத்துவிட்டோம் என்று நினைத்துக்கொள்வோம். இதையெல்லாம் தம்பியே சொல்லிச் சிரிக்கிறார் என்றால் கதவைத் திறந்து வைப்பவர் என்றுதான் நினைக்கிறேன். இருந்தாலும் அந்த வாயுவைக் கண்டுபிடித்து அலறும் கருவி மாட்டியிருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லை என்றால் அம்மாவை விட்டுத் திட்டச் சொல்லுங்கள். திறந்த கதவில் வேறொரு தொல்லை உண்டு. வெளியே பனியின் வெளிச்சம் கண்ணைப் பறிக்கும், அந்த வெளிச்சத்தில் பழுத்த இரும்பு உண்மையைவிட மங்கலாகத் தெரியும், இன்னும் காயட்டும் என்று விட்டால் எரிந்து பொறி கக்கும். உலையைக் கதவுக்கு ஒதுக்கமாக, நிழலில் வைத்துக்கொள்ள வேண்டும்.

உலையின் கேஸ் சிலிண்டரைப் பற்றியும் கேளுங்கள். தேக்காவில் பிராட்டாக் கடைக்குப் பின்னால் பார்த்திருப்பீர்கள், அடுப்பு முழு வீச்சில் எரியும்போது சிலிண்டர் வியர்த்து நிற்கும். உள்ளே திரவம் வாயுவாகும்போது சூட்டை இழுத்துக்கொள்கிறது. இங்கே வியர்வை, அங்கே உறைபனி. சிலிண்டரில் இருப்பது பியூட்டேன் என்றால் பூஜ்யத்துக்குப் பக்கத்திலேயே வாயுவாக மறுத்துவிடும். புரோப்பேன் மைனஸ் 42 வரை தாங்கும், ஆனால் மைனஸ் 20இல் அழுத்தம் குறைந்து உலை சோர்ந்துவிடும். சிலிண்டரை வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தலாம். தீயைக் காட்டவே கூடாது.

அரைக்கைச் சட்டையை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். உலை முன்னால் நிற்பவனுக்கு மார்பில் சித்திரை, முதுகில் மார்கழி. நைலான் குளிர்ச்சட்டையோடு நின்றால் பொறி பட்ட இடம் உருகித் தோலில் ஒட்டும். என் ஆள் போட்டிருந்தது பருத்தி. வேண்டுமானால் முதுகுக்கு ஒரு கம்பளி அங்கி கொடுக்கிறேன்.

அப்பாவின் குறடு ஒன்று ஈசூனில் என் வீட்டில் கிடக்கிறது. உளி பிடிக்க அவரே அடித்தது, வாய் இன்னும் சரியாகச் சேர்கிறது. தம்பிக்கு ஆகுமென்றால் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். விமானத்தில் கைப்பையில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.

அன்புடன்.