கடைக்காணிக்கும் தண்ணி: கமக்காரர் அமைப்பு பற்றிய கேள்வி பதில்

என் வயல் கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தின் கீழ். கடைக்காணி என்றால் வாய்க்காலின் கடைசியில் இருக்கிற வயல். ஒரு வாய்க்காலின் கமக்காரர் அமைப்பில், அதாவது விவசாயிகள் சங்கத்தில், பன்னிரண்டு வருடம் செயலாளராக இருந்தேன். உங்கள் ஊரைச் சொல்லிக் கேளுங்கள்.

ஒட்டுசுட்டான்: எங்கள் குளம் சின்னது. எந்தக் கந்தோருக்குப் போவது?
குளத்தின் கீழ் 200 ஏக்கர் வரை வயல் என்றால் பொதுவாகக் கமநல சேவை நிலையம். அதற்கு மேல் நீர்ப்பாசனத் திணைக்களம்.

முள்ளியவளை: கமக்காரர் அமைப்பும் கிராம அபிவிருத்திச் சங்கமும் ஒன்றுதானே?
இல்லை. முதலாவது 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் பதிவது. இரண்டிலும் அதே ஐந்து பேர் பதவியில் இருப்பது நம் ஊர்ப் பழக்கம், சட்டம் இல்லை.

வட்டக்கச்சி: சிறுபோகப் பங்கைக் குத்தகைக்குக் கொடுக்கலாமா?
சிறுபோகத்துக்கு, அதாவது மாரி முடிந்து செய்கிற போகத்துக்கு, குளத்தில் நிற்கிற தண்ணியைப் பார்த்துத்தான் எத்தனை ஏக்கர் என்று பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தீர்மானிக்கிறார்கள். எல்லா வாய்க்காலுக்கும் விட்டால் பாதித் தண்ணி மண்ணுக்குள் போய்விடும். அதனால் ஒரு பக்கத்தை மட்டும் விதைத்து, கடைக்காணிக்காரருக்கும் அதில் துண்டு கொடுக்கிறோம். தன் காணியில் இன்னொருவன் விதைக்க ஒருவர் விட்டுக்கொடுப்பது உங்கள் சாப்பாட்டுக்கு, குத்தகைக் காசுக்கு அல்ல. என் பதில்: கொடுக்காதீர்கள்.

உருத்திரபுரம்: அண்ணை, பங்காக வருகிற கால் ஏக்கர் உழவுகூலிக்கே கட்டாது. சொல்ல இலேசு.
கட்டாதுதான். எனக்கும் மூன்று ஏக்கர்தான் தம்பி. ஆனால் இருபது பேரின் கால் ஏக்கர் ஒருவர் கைக்குப் போனால், அடுத்த கூட்டத்தில் யாருடைய குரல் கேட்கும்? நாலு பேர் பக்கத்துப் பக்கத்துத் துண்டாகக் கேட்டு எடுங்கள். உழவு ஒன்று, காவல் முறை வைத்து. யார் எவ்வளவு போட்டார் என்று முதல் நாளே எழுதுங்கள்.

வட்டக்கச்சி: குத்தகைக்கு எடுக்கிறவன் நான்தான். நான் எடுக்காவிட்டால் தரிசாகக் கிடக்கும்.
ஓ, அப்படியா கதை! தரிசாகும் என்றால் ஊரில் காணியில்லாத குடும்பங்களுக்கு முதலில் கேட்டுப் பார்த்தீர்களா?

வட்டக்கச்சி: அவர்களிடம் விதைநெல்லுக்குக் காசில்லை.
உங்களிடம் இருக்கிறதே. கடனாகக் கொடுங்கள், அறுவடையில் நெல்லாக வாங்குங்கள். வட்டி வேண்டாம்.

உருத்திரபுரம்: அண்ணை, அவர் பேச்சில்லை!
சரி, விடுங்கள்.

கண்டாவளை: கட்டாக்காலி மாடு வயலை அழிக்கிறது.
மாடு அகற்றும் திகதி கூட்டத்தில் சொல்லப்பட்டதா? கூட்டப் புத்தகத்தில் எழுதப்பட்டதா? எழுதாவிட்டால் மாட்டுக்காரர் “எனக்குச் சொல்லவில்லை” என்பார், நீங்கள் வாயைப் பார்ப்பீர்கள்.

தருமபுரம்: தண்ணி எப்ப திறப்பார்கள்?
கூட்டத்தில் சொன்ன திகதியில்.

புதுமுறிப்பு: நெல்லில் புழு. என்ன மருந்து?
விவசாயப் போதனாசிரியரிடம் ஒரு செடியைப் பிடுங்கிக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

ஊரியான்: தண்ணி எப்ப திறப்பார்கள்?
மேலே பாருங்கள்.

புளியம்பொக்கணை: வாய்க்கால் துப்புரவுக்கு வராதவருக்குத் தண்ணி மறிக்கலாமா?
நீங்களாக மறிக்காதீர்கள், அடிபிடியில் முடியும். வராத நாளுக்குக் கூலி கட்டவேண்டும் என்று போகம் தொடங்க முன்னமே தீர்மானம் எடுங்கள். எடுத்ததை எழுதுங்கள். எத்தனை தரம் சொல்வது!

அக்கராயன்: அண்ணை, தண்ணி எப்ப…
இந்தக் கேள்விக்கு இனிப் பதில் இல்லை. நான் என் வாய்க்காலைப் பார்க்கப் போகிறேன்.