நகையை அடகு வைக்காமல் மகளை என்ஜினீயரிங் படிக்க வைக்க முடியுமா?

கேள்வி: பாலக்காடு டவுனில் இருக்கிறோம். நான் ஹரிதகர்ம சேனாவில் வீடு வீடாகக் கழிவு சேகரிக்கிறேன். வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறார். இருவருக்கும் சேர்த்து மாதம் 27,000 ரூபாய் வருகிறது. மாமனார் காலத்தில் உடுமலைப் பக்கமிருந்து வந்த பட்டியலினக் குடும்பம். பிளஸ் டூ படிக்கும் மகள் கணக்கில் கெட்டிக்காரி. எலக்ட்ரானிக்ஸ் படிக்க ஆசைப்படுகிறாள். எங்கள் தெருவில் இதுவரை யாரும் என்ஜினீயரிங் போனதில்லை. கோயம்புத்தூர் கல்லூரி ஒன்றின் ஏஜென்ட், ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் ஆகும், இப்போதே 25,000 கட்டினால் நிர்வாக ஒதுக்கீட்டில் சீட் உறுதி என்கிறார். எட்டுப் பவுன் நகையும், முடிய ஒரு வருஷம் இருக்கும் 3 லட்ச ரூபாய் சிட்டியும் (ஏலச் சீட்டு) உண்டு. சொந்தக்காரர்களோ, "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இது, நகையைக் கல்யாணத்துக்கு வை" என்கிறார்கள். என்ன செய்யட்டும்?

பதில்: சகோதரி, முதலில் அந்த 25,000 ரூபாயைக் கட்டாதீர்கள். நான்கு ஆண்டுக்குக் கட்டணம் மட்டுமே 6 லட்சம் ஆகிவிடும். பஸ், தேர்வுக் கட்டணம் எல்லாம் அதற்கு மேல். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் பிரதமர் வித்யாலட்சுமி கல்விக்கடன் திட்டத்துக்குள்ளும் வர முடியாது. அவசரப்பட்டு அதிக விலை கொடுப்பது எப்போதும் உங்களைப் போன்ற, வழி சொல்ல ஆளில்லாத வீடுகள்தான். அதைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

மகள் கேரளப் பொறியியல் நுழைவுத் தேர்வான கீம் எழுதட்டும். அந்த ரேங்கில் பிளஸ் டூ மதிப்பெண்ணும் சேரும் என்பதால் பள்ளிப் பாடத்தை விட்டுவிடக் கூடாது. அகத்தேத்தறையில் 1960 முதல் நடக்கும் என்.எஸ்.எஸ். பொறியியல் கல்லூரி அரசு உதவி பெறுவது, வீட்டிலிருந்தே போய்வரலாம். ஸ்ரீகிருஷ்ணபுரத்தில் அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. இவற்றில் அரசு இடம் கிடைத்தால், ஏஜென்ட் சொன்ன தொகையில் சிறு பங்குதான் கட்டணம். ஜேஇஇ தேர்வையும் எழுதச் சொல்லுங்கள். கஞ்சிக்கோட்டில் ஐஐடி இருக்கிறது. அங்கே பட்டியலின மாணவர்களுக்குக் கல்விக் கட்டணமே கிடையாது.

இப்போது சாதிச் சான்றிதழ். எல்லையோரக் குடும்பங்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இங்கேதான். பட்டியல் சாதிப் பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் தனி. வேறு மாநிலத்திலிருந்து குடியேறியவர் அந்தத் தகுதியைக் கூடவே கொண்டுவர முடியாது என்று 1990-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கேரளத்தின் சலுகைக்கு, குடும்பம் 1950-இலேயே இங்கே குடியிருந்ததா என்று பார்ப்பார்கள். மாமனாரின் பழைய ரேஷன் கார்டு, பள்ளிச் சான்று, வீட்டு வரி ரசீது எது கிடைத்தாலும் எடுத்துக்கொண்டு இந்த மாதமே வில்லேஜ் ஆபீஸுக்குப் போங்கள். அட்மிஷன் நேரத்தில் ஓடினால் நடக்காது. 1950-க்குப் பிறகுதான் வந்தார்கள் என்றால், தமிழ்நாட்டில் மாமனாரோ கணவரோ வாங்கிய சான்றைத் தேடுங்கள். அதை வைத்துத் தாலுகா ஆபீஸில் புலம்பெயர்ந்தோருக்கான சான்றிதழ் கேட்கலாம். ஐஐடி, என்ஐடி போன்ற மத்திய நிறுவனங்களுக்கு அது உதவும்.

அதுவும் கிடைக்காவிட்டால் மனசு விட்டுவிடாதீர்கள். சாதிச் சான்று கேட்காத உதவிகளும் உண்டு. தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பான ஏஐசிடிஇ-யின் பிரகதி உதவித்தொகை பெண்களுக்கானது: ஆண்டுக்கு 50,000 ரூபாய், குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் போதும். ஆனால் மதிப்பெண் பார்த்து, எண்ணிக்கை வரம்போடு கொடுப்பதால், வந்த பிறகே அதைக் கணக்கில் சேருங்கள்.

மீதிக்குக் கல்விக் கடன். ஏழரை லட்சம் வரை சொத்து ஈடு இல்லாமல் தர அரசின் உத்தரவாத நிதி இருக்கிறது. பெற்றோர் கூட்டாகக் கையெழுத்துப் போட வேண்டும். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கிடையாது. உங்கள் ஆண்டு வருமானம் 3,24,000. நாலரை லட்சத்துக்குக் கீழே என்பதால், தகுதியான கல்லூரியில் தொழிற்படிப்புக்கு தவணை இல்லாத அந்தக் காலத்துக்கான வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் உண்டு. வருமானச் சான்று கட்டாயம் வேண்டும். நகைக்கடனில் முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும். நகை கடைசிக் கையிருப்பாகவே இருக்கட்டும்.

சிட்டியை இப்போதே ஏலத்தில் தள்ளி எடுக்க வேண்டாம், தள்ளுபடியாக ஒரு பகுதி போய்விடும். முடியும்போது கைக்கு வருவதை லேப்டாப்புக்கும் அன்றாடச் செலவுக்கும் வையுங்கள். முதல் ஆண்டுச் செலவுக்கு மட்டும் மாதம் 2,000 தனியாக ஒதுக்க முடிந்தால் நல்லது.

சொந்தக்காரர்கள் சொல்வதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் உரிமை எந்தத் தெருவுக்கும் தனியாக எழுதி வைக்கப்படவில்லை. அப்புறம், ஒரு நாள் மகளை அகத்தேத்தறைக்கு அழைத்துப் போங்கள். அங்கே எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் பெண்கள் யாரிடமாவது அவளே பேசட்டும். கட்டண விவரத்தையும், உதவித்தொகைக்கு எந்தெந்தத் தாள் கேட்டார்கள் என்பதையும் எழுதிக்கொண்டு வாருங்கள். ரேங்க் வந்ததும் அந்த விவரத்தோடு எனக்கு மறுபடி எழுதுங்கள், கடன் தொகையைச் சேர்ந்து கணக்குப் போடலாம்.